எரித்துத் தீராத புல்

மாசி பிறந்து அண்ணாமலைச் சரிவில் தீ ஏறும்போதெல்லாம் திருவண்ணாமலை ஊருக்குள் ஒரு யோசனையும் கூடவே கிளம்புகிறது. வீணாக எரிகிற இந்தப் புல்லை அறுத்து, அழுத்திக் கட்டிகளாக்கி, பாய்லரில் போட்டால் மின்சாரம் வருமே. மலையிலும் தீ இருக்காதே. அறுக்கிறவர்களுக்குக் கூலியும் கிடைக்குமே. ஒரே கல்லில் மூன்று மாங்காய். டீக்கடையோடு நின்றுவிடுகிற பேச்சென்றால் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பரவிக் கெடுக்கும் தாவரம் எதுவானாலும் அதை எரிபொருளாக்கிவிட்டால் தாவரமும் ஒழியும், எரிசக்தியும் கிடைக்கும் என்பது இன்று படித்தவர்களின் பொதுக்கருத்து. கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்குகிறது, திட்ட அறிக்கைகளில் இடம்பிடிக்கிறது. சீமைக்கருவேலத்துக்கும் இதையே சொல்கிறார்கள், உண்ணிச்செடிக்கும் இதையே, ஏரியை மூடும் ஆகாயத்தாமரைக்கும் இதையே.

இந்தக் கருத்து தவறு என்று நினைக்கிறேன். ஓரளவு தவறு, சில இடங்களில் தவறு என்றுகூட இல்லை. அதன் அடிக்கல்லே தவறாக வைக்கப்பட்டிருக்கிறது. முதல் போட்டு ஆலை கட்டியவருக்கு இருபது ஆண்டுக்குத் தட்டில்லாமல் தீனி வேண்டும். வங்கிக்கடன் வாங்கும்போதே அந்தத் தீனி எங்கிருந்து வரும் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். மூன்றாம் ஆண்டில் புல் தீர்ந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தால் எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்? ஆக, ஆலை பிழைத்தால் புல்லும் பிழைக்கிறது. புல் ஒழிந்தால் ஆலை மூடப்படுகிறது. இரண்டும் ஒருசேர நடக்கும் என்று சொல்கிறவர் ஆலையையும் பார்க்கவில்லை, புல்லையும் பார்க்கவில்லை.

முதலில் மலைக்கணக்கைப் போட்டுவிடுவோம், அது பெரிய கணக்கு இல்லை. மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை முழு வட்டமாகவே எடுத்துக்கொண்டாலும் உள்ளே அடங்கும் பரப்பு ஏறக்குறைய 1,560 ஹெக்டேர். அதற்குள் வீடுகள், ஆசிரமங்கள், குளங்கள், வெறும் பாறை, இப்போது வளர்ந்து நிற்கும் காடு எல்லாம் இருக்கின்றன. அவற்றை மறந்துவிட்டு, அத்தனை இடத்திலும் புல்தான் என்றும், ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 4 டன் காய்ந்த புல் கிடைக்கும் என்றும், கடைசித் தாள்வரை அறுத்து இறக்கிவிட்டோம் என்றும் வைத்துக்கொள்வோம். 6,240 டன் வருகிறது. தாவர எரிபொருளில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கச் சுமார் 1.3 கிலோ எரிக்க வேண்டும். மொத்தம் 48 லட்சம் யூனிட். ஆண்டு முழுவதற்கும் பரப்பிப் பார்த்தால் அரை மெகாவாட்டுக்குச் சற்று மேல்.

2024 மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதில் நம் மலை முழுக்க மொட்டையடித்தால் கிடைப்பது அரை மெகாவாட். இதே 48 லட்சம் யூனிட்டை எடுக்க 15 ஏக்கர் சூரியத்தகடு போதும். மெகாவாட்டுக்கு 5 ஏக்கர், ஆண்டுக்கு 16 லட்சம் யூனிட் என்பதுதான் நம் பக்கத்து வழக்கமான கணக்கு. திருவண்ணாமலையில் பஞ்சமில்லாமல் கிடைப்பது எதுவென்று கேட்டால் வெயில் என்று குழந்தையும் சொல்லும். மலையை விட்டுவிட்டு அரசுக் கட்டடங்களின் கூரைகளைப் பார்க்கச் சொல்லலாம்.

இத்தனைக்கும் நான் மேலே போட்டது எதிர்த்தரப்புக்குத் தாராளம் காட்டிய கணக்கு. காய்ந்த புல் இடத்தை அடைக்குமே தவிர எடை நிற்காது. ஒரு கன மீட்டர் உதிரிப்புல் நூறு கிலோகூடத் தேறுவது அரிது. லாரி நிறைந்துவிடும், எடைமேடையில் ஏற்றினால் ஒன்றும் இருக்காது. அதனால்தான் கட்டியாக அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும் இயந்திரத்துக்கும் மின்சாரம் வேண்டும், அழுத்துவதற்கு முன்பு நறுக்கவும் வேண்டும், நறுக்குவதற்கு முன்பு காய வைக்கவும் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பு, சாலை இல்லாத சரிவிலிருந்து மனிதத் தலையில் சுமந்து இறக்க வேண்டும். பாய்லர்காரர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள்: புல்லில் விறகைவிடப் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகிக் குழாய்களில் கசடாகப் படியும், குழாய் அரிக்கும். மலையில் புல் அறுத்தால் மின்சாரம் என்று சொல்கிறவர் எவரும் இந்தக் கசடைச் சுரண்டப் போவதில்லை.

கணக்கு சிறியது என்பதற்காக ஒரு யோசனையைத் தள்ளிவிட முடியாது, உண்மைதான். தீ நிற்குமென்றால் அரை மெகாவாட்டும் லாபம். ஆகவே அடுத்த கேள்விதான் முக்கியம்: அறுத்தால் புல் குறையுமா?

அண்ணாமலைச் சரிவில் ஆளுயரத்துக்கு நிற்கும் அந்தப் புல்லைக் கசக்கி முகர்ந்தவர்களுக்கு அதன் எலுமிச்சை வாசம் தெரியும். அது கப்பலேறி வந்த அந்நியன் இல்லை. அந்த இனம் நம் நாட்டுக்கு உரியதுதான். ஆனாலும் இந்த மலையில் அது படையெடுத்தவனைப்போல நடந்துகொள்கிறது. காரணம் தீ. விறகுக்கு வெட்டி, ஆடுமாடு மேய்ந்து, மலை மொட்டையானபோது புல் வந்து உட்கார்ந்தது. கோடையில் அது காய்கிறது, எரிகிறது. எரிகையில் மரக்கன்றின் தண்டு சாகிறது. புல்லின் உயிரோ தரையோடு ஒட்டிய தூரில் இருக்கிறது. ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். அடுத்த ஆண்டு போட்டிக்கு மரம் இல்லாமல் இன்னும் அடர்த்தியாக நிற்கும், இன்னும் நன்றாக எரியும். 1992இல் கார்லா டி'ஆன்டோனியோ, பீட்டர் விட்டூசக் என்ற இரண்டு சூழலியலாளர்கள் இந்தச் சுழலைப் பற்றி எழுதிய ஆய்வுரை உலகெங்கும் பேசப்பட்டது. புல் தீயை வளர்க்கிறது, தீ புல்லை வளர்க்கிறது.

அரிவாள் இந்தச் சுழலை உடைக்காது, அது தீயின் வேலையையே சூடில்லாமல் செய்கிறது. தூரை விட்டு மேலே அறுத்தால் புல்லுக்கு அது முடிவெட்டு. இன்னும் தழைத்து வரும். ஆளுயரப் புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு வெப்பாலைக் கன்றோ வேப்பங்கன்றோ ஒளிந்து நிற்கும். தலைச்சுமைக்கு அறுக்கும் பெண்ணுக்கு அது கண்ணில் படும். விலக்கி அறுக்கவும் தெரியும். டன் கணக்கில் கூலி பேசி, தோளில் இயந்திரம் மாட்டி அறுக்கிறவருக்கு அதைப் பார்க்க நேரமேது? புல்லும் கன்றும் ஒரே வீச்சில் போகும். ஆக, தீக்குத் தப்பிய கன்றையும் முடித்துவைக்க ஓர் ஏற்பாடு செய்துவிட்டு அதற்கு மலைப்பாதுகாப்பு என்று பெயர் வைப்போம்.

மண்ணையும் மறக்க முடியாது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலையின் வ.உ.சி. நகர் பக்கச் சரிவு சரிந்து ஏழு பேர் மாண்டார்கள். அதில் ஐந்து பேர் பிள்ளைகள். புல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சொல்லவரவில்லை, அப்படிச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. ஆனால் அந்தச் சரிவுகளில் மண் எவ்வளவு ஆழம், அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது விளையாட்டு விஷயம் இல்லை என்று அதற்குப் பிறகும் ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருந்தால் வருத்தம்தான். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கால்களும் அறுவடை இயந்திரமும் ஏறி இறங்க வேண்டிய இடம் அது இல்லை.

இதற்கெல்லாம் 'நீ சொல்வது ஊகம்' என்று பதில் வரலாம். ஊகம் வேண்டாம். தமிழ்நாட்டில் இந்தப் பரிசோதனை ஒருமுறை செய்து பார்க்கப்பட்டாயிற்று; நூற்று நாற்பது ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. அதன் பெயர் சீமைக்கருவேலம்.

1877இல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து அன்றைய சென்னை மாகாணத்தில் அதை விதைத்தார்கள். வறண்ட நிலம் பசுமையாகட்டும், விறகுக்கும் ஆகட்டும் என்பதுதான் நோக்கம். நோக்கம் நிறைவேறியது, அதில் சந்தேகமில்லை. இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் விருதுநகரிலும் எத்தனையோ வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. கரிமூட்டம் போடுவது ஒரு தொழிலாகவே ஆனது. பிறகு அதையே நம்பித் தாவர மின்நிலையங்கள் வந்தன. செங்கல் சூளை, சுண்ணாம்புக் காளவாய், டீக்கடை என்று தமிழ்நாடு சலிக்காமல் அந்த மரத்தை எரித்திருக்கிறது. எரித்தால் ஒழியும் என்ற வாதம் சரியென்றால் இந்நேரம் அதைப் பார்க்க அருங்காட்சியகம் போக வேண்டும். மாறாக, கண்மாய்க்குள்ளும் ஆற்றுப்படுகையிலும் புறம்போக்கிலும் அது நிற்கிறது.

ஏன் குறையவில்லை? விறகுக்கு வெட்டுகிறவர் அடியை விட்டுத்தான் வெட்டுகிறார். அவருக்கு வேரைத் தோண்ட என்ன தலையெழுத்து? அடியிலிருந்து ஐந்தாறு கிளை வெடித்துச் சில ஆண்டுகளில் மறுபடி வெட்டுக்கு வரும், அதுதான் அவருக்குச் சேமிப்பு. வேரோடு பிடுங்க ஜேசிபி வேண்டும். அந்த வாடகையை விறகு விலை தாங்காது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னதும் மாவட்டங்கள் பரபரத்தன. சில மாதங்களில் சென்னை அமர்வு அறிவியல் ஆய்வு வேண்டுமென்று அந்த வேலையை நிறுத்திவைத்தது. அதற்குள் எழுந்த குரல்களில் ஒன்று, கரிமூட்டத்தை நம்பியிருக்கும் குடும்பங்கள் என்ன செய்யும் என்பது. நியாயமான குரல். அந்த ஏழைகளை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்கு வேறு வழி யார் காட்டினார்கள்? நான் சொல்வது வேறு: ஒரு களைக்கு எரிபொருள் என்று பெயர் வைத்த நாளிலிருந்து அதற்கு ஆதரவாளர்கள் உருவாகிவிடுகிறார்கள். பிறகு அதை அகற்றுவது தாவரவியல் பிரச்சினையாக இருக்காது.

எதிர்த்தரப்பின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். சிலர் களையை ஒழிக்கும் பாசாங்கைக்கூட விட்டுவிட்டு, வேகமாக வளரும் புல்லை எரிபொருளுக்கென்றே பயிரிடச் சொல்கிறார்கள். 2013 ஜூலையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அருண்டோ என்ற ராட்சத நாணலையும் நேப்பியர் புல்லையும் எரிபொருள் பயிர்களாக ஏற்றுக்கொண்டது. இரண்டும் அங்கே பரவிக் கெடுக்கும் பட்டியலில் உள்ளவை. சூழல் அமைப்புகள் கூச்சலிட்டன. அதனால், பயிரிடுகிறவர் புல் தப்பித்து ஓடாமல் பார்த்துக்கொள்ளத் திட்டம் தர வேண்டுமென்று நிபந்தனை போட்டார்கள். புல்லுக்கு நிபந்தனை தெரியுமா என்பது வேறு கேள்வி.

நம்மூரில் நேப்பியர் யாருக்கும் எதிரி இல்லை. கோ-4, கோ-5 என்று வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல்லை அறியாத மாட்டுக்காரர் இந்த மாவட்டத்தில் இருக்கமாட்டார். கரணை வாங்கி வரப்போரம் நட்டுவிட்டால் மாட்டுக்குக் கவலையில்லை. அந்தப் புல்லைத்தான் இப்போது அழுத்தப்பட்ட எரிவாயு ஆலைக்குக் கொடுங்கள் என்கிறார்கள். இத்தகைய ஆலைகளுக்காக மத்திய அரசு 2018இல் தொடங்கிய சதத் திட்டம் 2023க்குள் 5,000 ஆலைகள் என்றது. அந்த எண்ணின் கிட்டத்தில்கூட வரவில்லை. தீனி எங்கே என்ற கேள்விக்கு விடையாகத்தான் நேப்பியர் மேடையேறுகிறது.

கணக்குப் பார்ப்போம். கோ-4 ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 380 டன் பசும்புல் தரும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு, நல்ல தண்ணீரும் உரமும் இருந்தால். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் காய்ந்த எடை. மீதியெல்லாம் தண்ணீர், நம் கிணற்றிலிருந்து மேலேற்றிய தண்ணீர். 76 டன் காய்ந்த எடையை எரித்தால் 58,000 யூனிட் வரும். எரிவாயுவாக்கி மின்சாரம் எடுத்தாலும் இதிலிருந்து வெகுதூரம் போகாது. அதே ஹெக்டேரில் சூரியத்தகடு வைத்தால் 8 லட்சம் யூனிட் அளவு, அதாவது 13 மடங்குக்கு மேல், ஒரு சொட்டுப் பாசனமில்லாமல். அதே 380 டன்னை மாட்டுக்குப் போட்டாலோ, நாளுக்கு 30 கிலோ வீதம் ஏறக்குறைய 35 மாடுகளுக்கு ஆண்டு முழுக்கப் பசுந்தீவனம். பாலும் வரும், கன்றும் வரும், சாணமும் வரும். எரிவாயு வேண்டுமென்கிறவர் அந்தச் சாணத்தைக் கலனில் போடட்டும், யார் வேண்டாமென்றது? புல்லை நேராகக் கலனுக்குள் தள்ளுவது மாட்டை ஏமாற்றும் வேலை. பாறைக்கடியில் தண்ணீர் தேடி ஆழ்துளை போடும் மாவட்டத்தில் இதைச் செய்யச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

சூரியன் இரவில் இருக்காதே, தாவர எரிபொருள் இரவிலும் எரியுமே என்பார்கள். சரியான மறுப்பு, இதற்கு மதிப்புண்டு. ஆனால் அதற்கு மலைப்புல்லும் வேண்டாம், வயல்புல்லும் வேண்டாம். ஆரணி அரிசி ஆலைகளில் உமி ஆலை வாசலிலேயே குவிகிறது. நெல் அவிக்கும் பாய்லரில் அதைத்தான் போடுகிறார்கள். சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கை, எண்ணெய்ச் செக்குக்கு உடைத்த இடத்தில் வேர்க்கடலைத் தொலி. இவையெல்லாம் உணவுக்காக விளைந்ததன் மிச்சம். சேகரிக்கக் கூலியில்லை, ஏனென்றால் பயிரோடு சேர்ந்து தானே ஆலைக்கு வந்துவிடுகிறது. உமியில் சாம்பல் அதிகம்தான், ஆனால் பொட்டாசியம் குறைவு; பாய்லர்காரர் சமாளித்துக்கொள்வார். தமிழ்நாட்டில் தாவர மின்நிலையங்கள் பல முடங்கிப்போனதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் எரிபொருள் விலை. ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னை நெருங்கும் தீனியைச் சுற்றுவட்டாரத்தில் தேடித் திரிந்தால் விறகு விற்கிறவர் விலையை ஏற்றாமல் என்ன செய்வார்?

ஆனாலும் தீ என்னும் பயம் உண்மையானது. அதைக் குறைத்துப் பேசமாட்டேன். 2023 ஆகஸ்டில் ஹவாய் தீவுகளின் லஹைனா நகரம் ஒரே நாளில் எரிந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் மண்டிக் காய்ந்த கினியாப்புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் அந்தத் தீக்குக் கொள்ளியாயின. இரண்டும் மேய்ச்சலுக்கென்று வெளியிலிருந்து கொண்டுபோனவை. அந்தக் கொழுக்கட்டைப்புல்தான் காங்கேயத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் காளைகளை வளர்க்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே வேலி கட்டி, முறை வைத்து மேய்க்கிறார்கள். ஆள் இருக்கிறது, மாடு இருக்கிறது. லஹைனாவில் புல் மட்டும் இருந்தது. புல்லின் குணத்தைவிட அதைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பது பெரிது.

அண்ணாமலையில் அப்படிச் சுற்றி நின்றவர்கள் இருக்கிறார்கள். எண்பதுகளில் மலை எப்படி மொட்டையாக இருந்தது என்பதைப் பழைய படங்களில் பார்க்கலாம். அக்காலத்தின் இறுதியிலிருந்து உள்ளூர்க்காரர்களும் ஆசிரமங்களுக்கு வந்து தங்கியவர்களும் சேர்ந்து மரக்கன்று நட ஆரம்பித்தார்கள். பின்னால் ஃபாரஸ்ட் வே அமைப்பு வனத்துறையோடு சேர்ந்து அந்த வேலையை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அவர்கள் முறையில் புதுமை எதுவும் கிடையாது. மழைக்காலத்தில் நடுவது, கன்றைச் சுற்றி மட்டும் புல்லை அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுவது, கோடைக்கு முன்பே சரிவின் குறுக்கே அகலமாகப் புல்லை நீக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவது, தீ கண்டால் அணைக்கத் தழையோடு ஓடுவது. கன்று மரமாகி நிழல் விழுந்தால் புல் தானாகப் பின்வாங்கும், ஏனென்றால் அதற்கு வெயில் வேண்டும். நிழல் விழுந்த பக்கங்களில் புல் தணிந்திருப்பதை மலையேறிய எவரும் பார்க்கலாம். இந்த வழியில் புல் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. ஆலைக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால் இதையே தட்டுப்பாடு என்று சொல்லி வழக்குப் போடுவார்கள்.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அகற்றிய களையை விற்பதே பாவம் என்று நான் வாதிடவில்லை. முதுமலைப் பக்கம் காட்டை அடைத்த மஞ்சள் கொன்றையை வெட்டித் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் காகிதக் கூழுக்கு எடுத்துக்கொள்கிறது. பரவும் தாவரங்களுக்கென்று 2022இல் மாநில அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. கொன்றையைக் கூழுக்குக் கொடுக்கும் ஏற்பாட்டில் ஒரு நல்ல அம்சம் உண்டு. காகித ஆலை அந்த மரத்தை நம்பிக் கட்டப்படவில்லை. அதற்குச் சக்கையும் வேறு மரமும் இருக்கிறது. கொன்றை தீர்ந்தால் ஆலை மூடாது. வெட்டிய இடத்தில் நாட்டுமரம் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். களைக்கென்றே ஆலை கட்டுவதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

தலைச்சுமைக்காரர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்பார்கள். கூரைக்கும் மாட்டுக்கும் மலையிலிருந்து புல் இறக்குவது இங்கே பழைய வேலை. ஓடும் தகரமும் வந்து கூரைவேலை மங்கிவிட்டது. அந்தப் பெண்களுக்குப் புல்லின் வழியும் பாறையின் வழியும் தெரியும். கோடு போடும் வேலைக்கு அவர்களைவிடத் தகுந்தவர்கள் கிடையாது. டன்னுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் கன்றோடு சேர்த்து அறுக்கச் சொல்கிறோம். நாளுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் கன்றை விட்டு அறுக்கச் சொல்லலாம்.

அந்த நாட்கூலியை யார் கொடுப்பார்கள், தீத்தடுப்புக் கோட்டில் வருமானம் இல்லையே என்பது கடைசிக் கேள்வி. கார்த்திகைத் தீபத்துக்குச் சாலை, குடிநீர், கழிப்பறை, காவல் என்று செலவிடும்போது எதில் வருமானம் என்று யாரும் கேட்பதில்லை. திருவண்ணாமலை இப்போது மாநகராட்சி. கோயிலுக்கு வரவு உண்டு, வனத்துறைக்கு ஒதுக்கீடு உண்டு. இந்த மூன்று கணக்கிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: தை பிறந்ததும் சரிவில் கோடு போடக் கூலி, வைகாசி முடியும்வரை தீக்காவலுக்கு ஆள்.